சங்கரா சினை பிடிக்கும் மாதம்

கார்த்திகை, மார்கழியில் படாளம் கூட்டுரோட்டில் கேமராவும் கையுமாக வந்து இறங்கும் வெளியூர்க்காரர்களிடம் எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. வேடந்தாங்கலுக்குத்தான். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பி, மரங்கள் தண்ணீரில் நிற்கத் தொடங்கியதும் நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் கூழைக்கடாவும் கூடு கட்ட வந்துவிடும். பங்குனி வாக்கில் வளர்ந்த குஞ்சுகளோடு கிளம்பிப் போகும். அந்த வட்டாரத்தில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக்கூட இந்தக் கணக்கு தெரியும். குஞ்சு வாயைத் திறக்கும் நேரத்தில் சுற்றியுள்ள ஏரிகளிலும் நெல் வயல்களிலும் மீனும் நத்தையும் தவளையும் மலிந்திருக்க வேண்டும். பறவை முட்டையிடும் மாதத்தைத் தீர்மானிப்பது அதுதான்.

படாளத்திலிருந்து கிழக்கே முப்பது கிலோமீட்டர் போனால் கடல் வந்துவிடும். சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம், மாமல்லபுரம், கோவளம் என்று நீளும் அந்தக் கரைக்கு அப்பால், தண்ணீருக்கு அடியில், மீன்களும் இதே போன்ற ஒரு கணக்கை வைத்துக்கொண்டுதான் முட்டையிடுகின்றன. வித்தியாசம் ஒன்றுதான். வேடந்தாங்கலில் பறவைகள் ஒரு மாதம் தாமதமாக வந்தால் மறுநாளே செய்தித்தாளில் வரும். மீன் தன் மாதத்தை மாற்றிக்கொண்டால் கரையில் இருப்பவர்களுக்குத் தெரிவதற்கே இருபது, முப்பது ஆண்டுகள் ஆகின்றன.

சென்னைக் கடலில் ஒரு மீன் அப்படி மாற்றிக்கொண்டிருக்கிறது. அது சங்கரா.

காசிமேட்டிலிருந்து ஐஸ் பெட்டியில் மதுராந்தகம் வரை வந்து சேரும் இந்த மீனை அறியாத வீடு இந்தப் பகுதியில் குறைவு. ரோஜா நிற உடம்பு, மஞ்சள் கோடுகள், வால் நுனியிலிருந்து நீளும் ஒரு மெல்லிய இழை. செக்கச் சிவந்த பெரிய மீன்களையும் கடைக்காரர்கள் சங்கரா என்றே விற்பதுண்டு. இங்கே பேசப்படுவது ‘நெமிப்டெரஸ்’ என்ற பேரினத்தைச் சேர்ந்த சிறிய சங்கரா. கடலின் அடித்தரையை ஒட்டி, சேறும் மணலும் கலந்த இடங்களில் வாழும். சிறு இறால், நண்டு, பொடி மீன்களைத் தின்னும். அடிமடி இழுக்கும் விசைப்படகுகளுக்கு இது முக்கியமான மீன். குழம்புக்குப் போவது போக, மீதி ‘சுரிமி’ என்னும் மீன் விழுதாக அரைக்கப்பட்டு வெளிநாட்டுக்கும் போகிறது.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஈ. விவேகானந்தனும் எம். ராஜகோபாலனும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, சென்னைக் கடலில் பிடிபட்ட சங்கராவின் கால் நூற்றாண்டுக் கணக்கை எடுத்து வைத்தது. 1980களின் முற்பகுதியில், முட்டையிடத் தயாராக இருந்த ‘நெமிப்டெரஸ் ஜப்பானிகஸ்’ மீன்களில் 35.3 சதவீதம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான வெப்ப மாதங்களில் கிடைத்தன. 2000 முதல் 2004 வரையான ஆண்டுகளில் அதே மாதங்களில் கிடைத்தவை வெறும் 5 சதவீதம். எஞ்சிய 95 சதவீதமும் அக்டோபர் முதல் மார்ச் வரையான குளிர் மாதங்களில் கிடைத்தன. சங்கராவின் இன்னொரு வகையான ‘நெமிப்டெரஸ் மெசோப்ரியான்’ மீனிலும் இதே போக்கு தெரிந்தது.

இருபதே ஆண்டுகளில் ஓர் உயிரினம் பிள்ளை பெறும் பருவத்தை ஏறக்குறைய முழுவதுமாகக் கோடையிலிருந்து வெளியே தள்ளிவிட்டது. இதைப் பெரிய செய்தி என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த எண்கள் எப்படிக் கிடைத்தன என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த அறிவியலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கப்பலும் செயற்கைக்கோளும் பிறகு வருகின்றன. முதலில் வருவது கத்தியும் தராசும். மீன் இறங்குதளத்தில் ஏலம் நடக்கும்போதே ஆய்வாளர் ஒரு கூறு மீனை வாங்குகிறார். ஒவ்வொன்றின் நீளத்தையும் எடையையும் குறித்துக்கொண்டு வயிற்றைக் கீறுகிறார். சினைப்பை எந்த நிறத்தில் இருக்கிறது, வயிற்றில் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது, முட்டைகள் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிகின்றனவா, கண்ணாடி போலத் தெளிந்துவிட்டனவா என்று பார்த்து, முதிர்ச்சியின் படிநிலையை எழுதுகிறார். சினைப்பையின் எடையை உடல் எடையோடு ஒப்பிட்டு ஒரு விகிதம் போடுகிறார். அந்த விகிதம் உச்சிக்குப் போகும் மாதம் சினை முற்றும் மாதம். சடாரென்று விழும் மாதம் முட்டையிட்டு முடித்த மாதம். தலைக்குள் இருக்கும் காதுக்கல்லை எடுத்து மெலிதாகத் தேய்த்தால் மரத்தின் வளையங்களைப் போல வளர்ச்சிக் கோடுகள் தெரியும். அதிலிருந்து வயது கிடைக்கும்.

இதையே மாதம் தவறாமல், ஆண்டு தவறாமல் செய்ய வேண்டும். ஓய்வு பெறுகிறவர் விட்ட இடத்தில் அடுத்தவர் அதே முறையில் தொடர வேண்டும். 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இந்தியக் கடற்கரை முழுவதும் இறங்குதளங்களில் கணக்கெடுத்துவருகிறது. 2010ஆம் ஆண்டின் கடல் மீனவர் கணக்கெடுப்பின்படி நாட்டில் 1,511 இறங்குதளங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் எல்லா நாளும் நிற்க முடியாது என்பதால், எந்தத் தளத்தில் எந்த நாளில் எந்தப் படகை எண்ணுவது என்பதைப் புள்ளியியல் முறைப்படி தேர்ந்தெடுத்து, அதிலிருந்து மொத்தத்தை மதிப்பிடுகிறார்கள். பரிசோ தலைப்புச் செய்தியோ கிடைக்காத வேலை இது. ஆனால் 1980களில் சினையின் படிநிலையை ஒருவர் ஒழுங்காக எழுதி வைக்காமல் போயிருந்தால், சங்கரா தன் மாதத்தை மாற்றியது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

மீன் ஏன் மாறியது? முதல் சந்தேகம் வெப்பத்தின் மீது விழுகிறது. புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு வெப்பநிலை 1951க்கும் 2015க்கும் இடையில் சராசரியாக 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருக்கிறது. உலகக் கடல்களின் சராசரி உயர்வு 0.7 டிகிரிதான். சென்னைக் கடலில் கோடை அரையாண்டின் சராசரி 29 டிகிரியைத் தாண்டிவிட்டது. குளிர் அரையாண்டு 28ஐ ஒட்டி நிற்கிறது. 28 டிகிரிக்கு அருகில் இருப்பதுதான் சங்கராவுக்கு ஏற்ற வெப்பம். அதைத் தாண்டும் மாதங்களை அது தவிர்க்கத் தொடங்கியிருக்கிறது என்று விவேகானந்தனும் ராஜகோபாலனும் கருதினார்கள்.

ஒரு டிகிரி, அரை டிகிரி என்பதெல்லாம் மனிதர்களுக்கு ஒரு பொருட்டில்லை. நம் உடம்பு தன் சூட்டைத் தானே காத்துக்கொள்கிறது. மீனின் உடல் வெப்பம் அது நீந்தும் தண்ணீரின் வெப்பமேதான். தண்ணீர் சூடானால் உடலின் ஒவ்வொரு வேதிவினையும் வேகம் பிடிக்கும். ஆக்சிஜன் தேவை கூடும். சூடான தண்ணீரிலோ கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவு. சாதாரண நாட்களில் மீன் இதைச் சமாளித்துவிடும். சினை முற்றிய பெண் மீனுக்கு அது கடினம். தன் உடலுக்கும் வயிற்றை நிறைத்திருக்கும் முட்டைகளுக்கும் சேர்த்து அது ஆக்சிஜன் தேட வேண்டும். முட்டைக்குள் இருக்கும் கருவுக்கோ செவுளே இன்னும் உருவாகியிருக்காது.

ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவன ஆய்வாளர்கள் 694 மீன் இனங்களின் தரவுகளைத் தொகுத்து 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை இதை உலக அளவில் உறுதி செய்தது. வளர்ந்த மீன் தாங்கும் வெப்ப எல்லை அகலமானது. முட்டையிடும் நிலையில் உள்ள மீனும் முட்டைக்குள் இருக்கும் கருவும் தாங்கும் எல்லை மிகக் குறுகியது. புவி வெப்ப உயர்வு 1.5 டிகிரியோடு நின்றால் சுமார் 10 சதவீத இனங்களும், 5 டிகிரி வரை போனால் சுமார் 60 சதவீத இனங்களும் இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் இப்போது முட்டையிடும் இடங்களில் முட்டையிட முடியாத நிலைக்குத் தள்ளப்படலாம் என்பது அவர்கள் கணிப்பு. அப்படி நெருக்கப்படும் மீனுக்கு இரண்டு வழிகள் உண்டு. குளிர்ந்த இடத்துக்குப் போகலாம். இல்லையென்றால் குளிர்ந்த மாதத்துக்குப் போகலாம். சங்கரா இரண்டாவதை எடுத்துக்கொண்டது.

முதல் வழியில் போன மீனும் தமிழ்நாட்டுக் கரைக்குத் தெரியும். மத்தி ஒரு காலத்தில் மலபார் கரையின் மீனாகவே இருந்தது. 1980களின் நடுப்பகுதி வரை இந்தியாவின் மத்தி பெரும்பாலும் கேரளத்திலும் தென் கர்நாடகத்திலும்தான் பிடிபட்டது. அதன் பிறகு அது மேற்குக் கரையில் வடக்கே பரவியது. கன்னியாகுமரியைச் சுற்றி இந்தப் பக்கமும் வந்தது. இன்று தமிழ்நாட்டின் முக்கிய மீன்களில் அதுவும் ஒன்று. கேரளத்திலோ 2012இல் நான்கு லட்சம் டன்னை நெருங்கிய மத்தி, 2021இல் 3,297 டன்னாகச் சரிந்தது. மத்தியின் ஏற்ற இறக்கத்துக்கு மழையும் கடல் நீரோட்டமும் மீன்பிடிப்பும் சேர்ந்தே காரணம் என்பதால், எல்லாவற்றையும் வெப்பத்தின் தலையில் கட்டுவது சரியாகாது.

அதே எச்சரிக்கை சங்கராவுக்கும் வேண்டும். வெப்பமும் சினைக் காலமும் ஒரே காலகட்டத்தில் மாறின என்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. கடுமையாக மீன் பிடிக்கப்படும் கடலில் பெரிய, வயதான மீன்கள் முதலில் தீர்ந்துபோகும். மிஞ்சும் இளம் மீன்களின் முட்டையிடும் பழக்கம் வேறாக இருக்கலாம். படகுகள் அதிக ஆழத்துக்குப் போகத் தொடங்கினால் வலையில் விழும் மீன் கூட்டமே வேறாகிவிடும். இந்த ஐயங்களை எல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தாலும், இரண்டு சங்கரா வகைகளும் ஒரே திசையில், குளிர்ந்த மாதங்களை நோக்கி நகர்ந்திருப்பதும், மீனின் உடலியல் சொல்வதோடு அது ஒத்துப்போவதும் வெப்பத்தின் பக்கமே தராசைச் சாய்க்கின்றன.

வெப்பமும் வெளிச்சமும் சினையை எப்படி இயக்குகின்றன என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தவர்கள் இதே கரையில், கோவளத்துக்கு அருகே முட்டுக்காட்டில் இருக்கிறார்கள். 1987இல் தொடங்கப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனை நிலையம் அங்கே உப்பங்கழியை ஒட்டி இயங்குகிறது. 1997இல் அங்கேதான் இந்தியாவில் முதன்முறையாகக் கொடுவா மீனைத் தொட்டியில் முட்டையிட வைத்து குஞ்சு பொரிக்கச் செய்தார்கள். கொடுவா விசித்திரமான மீன். முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும். கழிமுகத்திலும் உப்பங்கழியிலும் வளர்ந்தாலும் முட்டையிடக் கடலின் உப்புத் தண்ணீர் அதற்கு வேண்டும். தொட்டிக்குள் அடைத்து வைத்தால் சினை ஓரளவு முற்றி, அதற்கு மேல் போகாமல் நின்றுவிடும்.

காரணம் மூளையில் இருக்கிறது. பகல் எவ்வளவு நீளம், தண்ணீர் எவ்வளவு சூடு, உப்பு எவ்வளவு, நிலா எந்த நாளில் இருக்கிறது என்ற செய்திகளையெல்லாம் மூளை கூட்டிப் பார்த்து ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி சுரக்கும் ஹார்மோன் சினைப்பைக்குப் போய், முட்டையை முதிரவைத்து வெளியேற்றுகிறது. தொட்டியில் அந்தச் செய்திகள் முழுமையாக வராததால் சங்கிலி நடுவில் அறுந்துபோகிறது. முட்டுக்காட்டில் மூளை சுரக்க வேண்டிய ஹார்மோனுக்கு நிகரான செயற்கை ஹார்மோனை ஊசியில் செலுத்தி அந்த இடத்தை இட்டு நிரப்பினார்கள். கொடுவாவின் முட்டைகள் மிதந்தன. ஒரு நாளுக்குள் பொரிந்தன. பால் கெண்டையைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யவைக்க 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது முதிர்வதற்கே பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் மீன்.

குஞ்சுப் பொரிப்பகத்தில் தண்ணீரின் சூட்டை மனிதர் முடிவு செய்கிறார். முட்டை பொரியும் நாளுக்குச் சரியாக நுண்ணுயிர் உணவையும் தனித் தொட்டியில் வளர்த்து வைத்துக்கொள்கிறார், ஏனென்றால் பொரிந்து இரண்டு, மூன்று நாட்களில் குஞ்சின் வயிற்றோடு ஒட்டியிருக்கும் மஞ்சள் கரு தீர்ந்துவிடும். அதன் பிறகு வாய்க்கு எட்டிய தூரத்தில் சரியான அளவில் இரை இல்லையென்றால் குஞ்சு செத்துவிடும். கடலில் இந்த ஏற்பாட்டைச் செய்துகொடுக்க ஆளில்லை.

நார்வே நாட்டு விஞ்ஞானி யோஹன் யோர்ட் 1914இலேயே இந்தச் சிக்கலைத் தொட்டார். ஹெரிங் மீனின் செதில்களைப் பார்த்து வயதைக் கணக்கிட்டபோது, ஆண்டுக்கணக்காக வலையில் விழுந்த மீன்களில் பெரும்பகுதி 1904 என்ற ஒரே ஆண்டில் பிறந்தவை என்று கண்டார். மற்ற ஆண்டுகளிலும் முட்டைகள் இடப்பட்டன, குஞ்சுகள் பிழைக்கவில்லை. முட்டையின் எண்ணிக்கையைவிட, குஞ்சு முதல் இரையைத் தேடும் அந்தச் சில நாட்களே பல ஆண்டுகளின் மீன்வளத்தைத் தீர்மானிக்கின்றன என்பது அவர் துணிபு. பின்னால் வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி டேவிட் குஷிங் இதை விரித்தார். மீன் குஞ்சு பொரியும் காலமும் மிதவை உயிரிகள் பெருகும் காலமும் பொருந்தினால் நல்ல ஆண்டு, விலகினால் வறட்சி.

இப்போது சங்கராவின் கேள்வி கூர்மையாகிறது. வெப்பத்திலிருந்து தப்பிக் குளிர் மாதத்துக்கு வந்த மீனின் குஞ்சுகளுக்கு அந்த மாதத்தில் சாப்பாடு இருக்கிறதா?

வங்கக் கடலைப் பொறுத்தவரை பதில் எளிதல்ல. கங்கை, கோதாவரி, கிருஷ்ணா என்று பேராறுகள் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுவதால் கடலின் மேற்பரப்பில் உப்புக் குறைந்த, லேசான நீர் ஒரு போர்வையாகப் படிந்துவிடுகிறது. அடியிலிருக்கும் சத்துநீர் அதைத் துளைத்துக்கொண்டு மேலே வருவது கடினம். மேற்பரப்பு சூடாகச் சூடாக அந்தப் போர்வை மேலும் இறுகும். கரையோர நீரோட்டமும் ஆண்டுக்கு இரு முறை திசை மாறுகிறது. மாசி, பங்குனியில் தெற்கிலிருந்து வடக்கே வேகமாக ஓடும் நீர், ஐப்பசி, கார்த்திகையில் வடக்கிலிருந்து தெற்கே திரும்பிவிடுகிறது. கோடையில் மிதந்த குஞ்சு போய்ச் சேர்ந்த இடம் வேறு, வாடைக் காற்றில் மிதக்கும் குஞ்சு போய்ச் சேரும் இடம் வேறு. ஐப்பசி மழையில் பாலாறு போன்ற ஆறுகள் கடலுக்குக் கொண்டுவரும் சத்துகளும் இந்தக் கணக்கில் சேரும். ஆனால் பாலாறு வயலூர் முகத்துவாரம் வரை வெள்ளமாக ஓடுவது 2021 நவம்பர் போன்ற சில ஆண்டுகளில் மட்டும்தான். ஆற்றுத் தண்ணீர் கடலில் கலப்பதை வீண் என்று பேசுகிறவர்கள் மடவைக் குஞ்சையும் கொடுவாக் குஞ்சையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்ப்பது நல்லது. முகத்துவாரம் மணலால் மூடிக் கிடந்தால் அவை உள்ளே வர வழியே இல்லை.

வெப்பம் சீராக ஏறுவதும் இல்லை. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோல் உள்ளிட்டோர் 2022இல் வெளியிட்ட ஆய்வு, கடலில் நாட்கணக்கில் நீடிக்கும் வெப்ப அலைகள் 1982க்குப் பிறகு அடிக்கடி வருவதைக் காட்டியது. 2020 மே மாதத்தில் வந்த அப்படி ஓர் அலையில் மன்னார் வளைகுடாவின் பவளங்களில் 85 சதவீதம் வெளுத்துப்போயின. சராசரி வெப்பத்துக்கு ஏற்பத் தன் மாதத்தை மாற்றிக்கொண்ட மீனும் இப்படிப்பட்ட திடீர் அலையிடம் சிக்கக்கூடும்.

இனி மனிதர்களின் நாட்காட்டிக்கு வரலாம். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2001இல் 45 நாட்களாகத் தொடங்கிய இந்தத் தடைக்காலம் 2017 முதல் நீட்டிக்கப்பட்டது. தடை போடப்பட்டதன் முதன்மையான நோக்கம், மீன்கள் முட்டையிடும் காலத்தில் அவற்றைத் தொந்தரவு செய்யாமல் விடுவது. சங்கராவைப் பொறுத்தவரை, தடை நடைமுறைக்கு வந்த அதே ஆண்டுகளில் எடுத்த கணக்கில் 95 சதவீத சினை மீன்கள் தடைக்கு வெளியே, படகுகள் முழு வேகத்தில் ஓடும் மாதங்களில் இருந்தன.

இதை வைத்துத் தடைக்காலமே வேண்டாம் என்று வாதிடுவது பெரிய தவறாக முடியும். ஒன்று, கடலில் சங்கரா மட்டும் இல்லை. வெப்பமண்டலக் கடலில் நூற்றுக்கணக்கான இனங்கள் ஒரே வலையில் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம். இரண்டு, அந்த 61 நாட்களில் கடலடித் தரையே இழுவை வலையிலிருந்து தப்பிக்கிறது. மூன்றாவதுதான் கவனமாகப் பார்க்க வேண்டியது. மார்கழி, தை மாதங்களில் பொரிந்த சங்கராக் குஞ்சுகள் சித்திரை, வைகாசியில் பொடி மீன்களாக அடித்தரைக்கு இறங்கியிருக்கும். தாய்க்காகப் போட்ட தடை இப்போது பிள்ளையைக் காக்கிறது என்று சொல்லலாம். அப்படியானால் ஆபத்தான நாள் ஜூன் 15. அன்று புறப்படும் படகின் மடியில் கண்ணி எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பிள்ளைகளின் கதி இருக்கிறது.

மடிக்கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று தமிழ்நாட்டில் விதி உண்டு. விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்கு அப்பால்தான் இழுக்க வேண்டும் என்றும் உண்டு. இரண்டும் மீறப்படுவதைப் பற்றி மாமல்லபுரம், கோவளம் பகுதிகளில் ஃபைபர் படகில் போகும் மீனவர்கள் சொல்லும் குறை பழையது, நியாயமானது. பொடி மீன் கோழித் தீவனத்துக்கும் மீன் தூளுக்கும் விலைபோகும் வரை சிறு கண்ணிக்கு ஆசை இருக்கவே செய்யும். கேரளம் 58 இனங்களுக்கு, இந்த நீளத்துக்குக் குறைந்த மீனைப் பிடிக்கவோ விற்கவோ கூடாது என்று சட்டப்படி அளவு நிர்ணயித்திருக்கிறது. மத்திக்கு அது 10 சென்டிமீட்டர். சினை மாதம் மாறினாலும் அளவு விதி செல்லும் என்பதால், வெப்பமாகும் கடலுக்கு இப்படிப்பட்ட விதி அதிகம் பொருந்தும். தமிழ்நாட்டிலும் சங்கரா உள்ளிட்ட மீன்களுக்கு இது வர வேண்டும். வருகிறபோது, தடைக்கால நிவாரணத்தைப் போலவே இதனால் குறையும் வருமானத்துக்கும் மீனவக் குடும்பங்களுக்கு ஈடு கொடுக்க வேண்டும். கடலைச் சூடாக்கியவர்கள் அவர்கள் இல்லை.

சினைக் காலம் இன்னும் நகர்கிறதா, நின்றுவிட்டதா என்பதைத் தொடர்ந்து சொல்ல இன்றைக்குக் கருவிகள் கூடியிருக்கின்றன. 2022 நவம்பரில் ஏவப்பட்ட ஓஷன்சாட்-3 கடலின் நிறத்திலிருந்து மிதவைப் பாசியின் அளவைக் காட்டுகிறது. ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் மேற்பரப்பு வெப்பத்தையும் பாசியையும் வைத்து மீன் திரளக்கூடிய இடங்களை மீனவர்களுக்குச் சொல்லிவருகிறது. மெல்லிய வலையில் வடித்தெடுத்த ஒரு குடுவைக் கடல்நீரில் மிதக்கும் முட்டை எந்த மீனுடையது என்பதை மரபணுவைப் படித்துக் கண்டுபிடிக்கும் முறையும் வந்துவிட்டது. குளிர் மாதங்களின் குஞ்சுக்கு இரை இருக்கிறதா என்ற கேள்விக்கு, இந்த மூன்றையும் ஒரே கடற்பரப்பில் ஒன்றாக வைத்துப் பார்த்தால் பதில் கிடைக்கும். அதற்குச் சென்னையிலிருந்து பாலாற்று முகத்துவாரம் வரையான இந்தக் கடலைவிடப் பொருத்தமான இடம் அமைவது அரிது. சங்கராவின் சினைக்கு 1980களிலிருந்தே கணக்கு இருக்கும் கடல் இது.